வளைவில் காரைத் திருப்புவது எது?

ஊர்த் திருவிழாவிலோ பொருட்காட்சியிலோ 'மரணக் கிணறு' பார்த்திருப்பீர்கள். பலகைகளால் கட்டிய பெரிய உருளை. அதன் செங்குத்தான உட்சுவரில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சுற்றிச் சுற்றி வருவார். மேலே நின்று எட்டிப் பார்க்கும் நமக்கு நெஞ்சு படபடக்கும். 'இவர் ஏன் கீழே விழவில்லை?' என்ற கேள்வி வீடு வந்து சேரும்வரை மனத்தைவிட்டு அகலாது.

அந்தக் கிணற்றைப் பல மடங்கு பெரிதாக்கி, அதன் சுவரைச் சற்றே வெளிப்புறமாகச் சாய்த்து, ஒரு காட்டின் நடுவே வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி ஓர் இடம் உண்மையிலேயே இருக்கிறது. இத்தாலி நாட்டின் வடபகுதியில், மிலான் நகருக்கு அருகில் உள்ள மோன்சா கார்ப் பந்தயக் களம்தான் அது. ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாட்கள் அங்கே இத்தாலி கிராண்ட் பிரீ பந்தயம் நடைபெறும். அந்த மூன்று நாட்களும் நாம் அங்கே இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தப் பயணத்திற்குச் சீட்டு வேண்டாம். ஒரு பென்சிலும் தாளும் போதும்.

களம் பிறந்த கதை

மிலானிலிருந்து ரயிலில் ஏறினால் சிறிது நேரத்தில் மோன்சா வந்துவிடும். ஊருக்கு வெளியே பழைய அரச மாளிகையைச் சேர்ந்த பரந்த பூங்கா ஒன்று உண்டு. பூங்கா என்பதைவிடக் காடு என்பதே பொருந்தும். அந்த மரங்களுக்கு நடுவேதான் பந்தயப் பாதை வளைந்து வளைந்து ஓடுகிறது.

1922ஆம் ஆண்டு இக்களம் அமைக்கப்பட்டது. கார்ப் பந்தயத்திற்கென்றே தனியாகக் கட்டிய களங்கள் அதற்குமுன் உலகில் மிகச் சிலவே இருந்தன. இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் 1907இலும், அமெரிக்காவின் இண்டியானபோலிஸ் 1909இலும் கட்டப்பட்டவை. மோன்சாவில் 3,500 தொழிலாளர்கள் உழைத்து, 110 நாட்களில் 10 கிலோமீட்டர் பாதையை முடித்தார்கள். அதில் 5.5 கி.மீ. பல வளைவுகள் கொண்ட சாலைப் பாதை, 4.5 கி.மீ. நீள்வட்ட வடிவமான வேகப் பாதை.

1950இல் உலகச் சாம்பியன் போட்டி தொடங்கியது முதல், 1980ஆம் ஆண்டு ஒன்றைத் தவிர, இத்தாலி கிராண்ட் பிரீ ஒவ்வோர் ஆண்டும் இங்கேயே நடந்து வருகிறது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனும் 2005இல் இங்கே ஜோர்டான் அணியின் காரை ஓட்டியிருக்கிறார்.

போகுமுன் ஒரு சிறு பாடம்

பஸ் ஒன்று இடப்புறம் சட்டென்று திரும்பும்போது நீங்கள் வலப்புறம் சாய்கிறீர்கள். "மையவிலக்கு விசை என்னை வெளியே தள்ளியது" என்று என் வகுப்பில் மாணவர்கள் சொல்வதுண்டு. சாலையோரம் நின்று பார்ப்பவர் அவ்வாறு சொல்லமாட்டார். அவருடைய கண்ணுக்கு நீங்கள் நேராகப் போக முயல்கிறீர்கள். பஸ்தான் உங்கள் அடியிலிருந்து விலகித் திரும்புகிறது. இயங்கும் பொருள் எதுவும், வேறு விசை குறுக்கிடாதவரை, நேர்கோட்டில் சீரான வேகத்தில் செல்லும். இது நியூட்டனின் முதல் விதி.

எனவே ஒரு காரைத் திருப்ப வேண்டுமானால், வளைவின் மையத்தை நோக்கி ஒரு விசை அதன்மீது இடைவிடாது செயற்பட வேண்டும். இதுவே மையநோக்கு விசை. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றும்போது கயிறு அந்த விசையைத் தருகிறது. கயிறு அறுந்தால் கல், அந்தக் கணத்தில் எத்திசையில் போய்க்கொண்டிருந்ததோ அத்திசையிலேயே, அதாவது தொடுகோட்டின் வழியே பறந்துவிடும்.

இவ்விசையின் அளவு எவ்வளவு? காரின் நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, வளைவின் ஆரத்தால் வகுக்க வேண்டும். 'வர்க்கம்' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். வேகம் இரு மடங்கானால் வேண்டிய விசை நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும்.

காருக்குக் கயிறு இல்லை. அப்படியானால் அதைத் திருப்பும் விசையைத் தருவது எது? மோன்சாவின் நூறாண்டு வரலாற்றில் இக்கேள்விக்கு மூன்று விடைகள் கிடைத்தன. மூன்றையும் மூன்று நாட்களில் காண்போம். ஒவ்வொரு விடையும் தனக்கென ஒரு விலை கேட்டதையும் உடன் காண்போம்.

வெள்ளிக்கிழமை: சாலை திருப்புகிறது

முதல் நாள் பயிற்சி ஓட்டம். கார்கள் ஒவ்வொன்றாகக் களத்தில் இறங்குகின்றன. அவை சனிக்கிழமையும் ஓடும். ஆகவே இன்று நாம் கூட்டத்தைவிட்டு விலகி, மரங்களுக்கிடையே நடந்து செல்வோம். சிறிது தொலைவில் இலைகளுக்கிடையே சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய கான்கிரீட் மதில் தெரிகிறது. அருகில் போனால்தான் அது மதிலன்று, சாலை என்பது விளங்கும். அவ்வளவு சாய்வான சாலை!

1922இன் பழைய வேகப் பாதை அழிந்த பிறகு, 1955இல் இந்தக் கான்கிரீட் பாதையைக் கட்டினார்கள். இரு முனைகளிலும் சுமார் 320 மீட்டர் ஆரமுள்ள வளைவு. வளைவின் உட்புற விளிம்பில் சாய்வு மிகக் குறைவு. மேலே போகப் போகச் சாய்வு கூடிக்கொண்டே சென்று, உச்சியில் 80 விழுக்காட்டை எட்டுகிறது. அதாவது, கிடையாக 100 செ.மீ. போனால் 80 செ.மீ. ஏற வேண்டும். கோணத்தில் சொன்னால் சுமார் 39 டிகிரி.

மேல் விளிம்பை நோக்கி ஏறிப் பாருங்கள். பாதி தூரம் நிமிர்ந்து நடக்கலாம். பிறகு குனிய வேண்டும். அதற்கும் மேலே கைகளையும் ஊன்ற வேண்டும். உங்கள் செருப்புக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள உராய்வுக் குணகம் 0.8க்குக் குறைவாக இருந்தால், உச்சிக்குப் போகுமுன்னரே வழுக்கிக் கீழே வந்துவிடுவீர்கள். நிற்கவே முடியாத இந்தச் சரிவில் கார்கள் எப்படி ஓடின?

சமதளச் சாலை காரை நேர் மேல்நோக்கி மட்டுமே தாங்குகிறது. சாய்ந்த சாலையோ தன் பரப்புக்குச் செங்குத்தாக, அதாவது சற்றே உட்புறம் சாய்ந்த திசையில் தாங்குகிறது. இந்தத் தாங்கு விசையை இரண்டு கூறுகளாகப் பிரியுங்கள். ஒரு கூறு மேல்நோக்கிச் சென்று காரின் எடையைச் சுமக்கிறது. மற்றது கிடைமட்டமாக, வளைவின் மையத்தை நோக்கிச் சென்று காரைத் திருப்புகிறது. சாய்வு 0.8 ஆனால், கிடைக் கூறு எடையில் 0.8 பங்கு இருக்கும்.

இப்போது பென்சிலை எடுங்கள். மணிக்கு 180 கி.மீ. வேகம் என்பது வினாடிக்கு 50 மீட்டர். 50இன் வர்க்கம் 2,500. அதை 320ஆல் வகுத்தால் 7.8 வரும். இது மையநோக்கு முடுக்கம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8. முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைப்பது 0.8. சாய்வின் அளவும் அதேதான்! ஆகவே உச்சிப் பகுதியில் மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் செல்லும் காருக்குப் பக்கவாட்டு உராய்வே தேவையில்லை. பாதையில் எண்ணெய் கொட்டிக் கிடந்தாலும், வேகம் மாறாதவரை கார் மேலேயும் ஏறாது, கீழேயும் வழுக்காது. காரை முழுவதும் சாலையே திருப்பிவிடுகிறது.

உச்சியில் மட்டும் ஏன் அதிகச் சாய்வு என்பதும் இப்போது புரியும். மெதுவாகச் செல்லும் காருக்குக் குறைந்த சாய்வு போதும். அது கீழ்ப்பகுதியில் போகும். வேகமாகச் செல்வது மேற்பகுதியில் போகும். ஒவ்வொரு வேகத்திற்கும் ஏற்ற இடம் அந்தச் சரிவிலேயே இருக்கிறது.

இனி விலையைப் பார்ப்போம். கார் மணிக்கு 285 கி.மீ. வேகத்தில் அதே உச்சிப் பகுதியில் செல்வதாகக் கொள்வோம். வினாடிக்கு 79 மீட்டர். வர்க்கம் கண்டு 320ஆல் வகுத்தால் மையநோக்கு முடுக்கம் ஏறத்தாழ 19.6 வரும். இது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சரியாக இரு மடங்கு. சமதள வளைவில் இதற்கு 2 என்ற உராய்வுக் குணகம் வேண்டும். அக்காலத்து டயர்களால் ஆகாத காரியம் அது. சாய்வுப் பாதையிலோ 0.46 இருந்தால் போதும். நல்ல ஆதாயம்தான்.

ஆனால் கணக்கை இன்னும் ஒரு வரி தொடருங்கள். அந்த வேகத்தில் கார் சாலையை அழுத்தும் விசை அதன் எடையைப்போல் இரு மடங்காகிவிடுகிறது. நான்கு டயர்களும் வில்களும் இரண்டு கார்களின் பாரத்தைச் சுமக்கின்றன. 60 கிலோ எடையுள்ள ஓட்டுநர் 120 கிலோ எடையுள்ளவராகி இருக்கையில் அமுங்குகிறார். கான்கிரீட் மேடு பள்ளமாக இருந்தாலோ, ஒவ்வொரு மேடும் அந்த இரட்டைப் பாரத்தின்மேல் ஓர் அடி அடிக்கிறது. மோன்சாவின் கான்கிரீட் கரடுமுரடாகவே இருந்தது. 1955, 1956, 1960, 1961 ஆகிய நான்கு ஆண்டுகளில் இத்தாலி கிராண்ட் பிரீ சாலைப் பாதையையும் இந்தச் சாய்வுப் பாதையையும் சேர்த்த 10 கி.மீ. சுற்றில் நடந்தது. 1960இல் முன்னணி பிரிட்டிஷ் அணிகள், "இந்தப் பாதையில் எங்கள் கார்கள் தாங்கா" என்று சொல்லி வராமலே இருந்துவிட்டன.

சாய்வு, வளைவின் விலையைத் தள்ளுபடி செய்யவில்லை. பக்கவாட்டில் கொடுக்க வேண்டியதைக் கீழ்நோக்கிக் கொடுக்க வைத்தது. அவ்வளவே.

சனிக்கிழமை: டயரும் காற்றும் திருப்புகின்றன

இரண்டாம் நாள் தகுதிச் சுற்று. ஒவ்வோர் ஓட்டுநரும் ஒரு சுற்றை எவ்வளவு விரைவில் முடிக்கிறார் என்று பார்த்து, மறுநாள் யார் முன்வரிசையில் நிற்பது என முடிவு செய்வார்கள். இன்றைய பாதையின் நீளம் 5.793 கி.மீ.; வளைவுகள் 11. சாய்வுப் பாதை இதில் சேர்ந்ததன்று. ஓரிடத்தில் மட்டும் கார்கள் அந்தப் பழைய பாதையின் பாலத்திற்கு அடியில் புகுந்து செல்கின்றன.

2020ஆம் ஆண்டு தகுதிச் சுற்றில் லூயிஸ் ஹாமில்டன் 1 நிமிடம் 18.887 வினாடியில் ஒரு சுற்றை முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 264.36 கி.மீ. நிற்கக்கூட முடியாத சாய்வு எதுவும் இல்லாமல், ஏறத்தாழச் சமமான பாதையில் இந்த வேகம்! இங்கே காரைத் திருப்புவது எது?

முதல் விடை டயர். டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வே மையநோக்கு விசையைத் தருகிறது. டயர் தரக்கூடிய உராய்வுக்கு ஓர் உச்ச அளவு உண்டு. அது உராய்வுக் குணகத்தையும், டயர் தரையை எவ்வளவு அழுத்துகிறது என்பதையும் பொறுத்தது.

இங்கே வகுப்பில் வழக்கமாக ஒரு கேள்வி எழும். "அப்படியானால் காரில் நான்கு மூட்டை மணலை ஏற்றினால் போதுமே. டயர் நன்றாக அழுத்தும். உராய்வும் கூடும் அல்லவா?" நல்ல கேள்வி. உராய்வு கூடும் என்பது சரியே. ஆனால் மணலையும் சேர்த்துத் திருப்ப வேண்டுமே! நிறை இரு மடங்கானால் உராய்வு இரு மடங்காகும். வேண்டிய மையநோக்கு விசையும் இரு மடங்காகும். இலாபம் எதுவும் இல்லை.

எடை கூடாமல் அழுத்தம் மட்டும் கூட வேண்டும். அதற்கு வழி என்ன? காற்று! இதுதான் இரண்டாவது விடை. 1968இல் ஃபார்முலா ஒன் கார்களில் இறக்கைகள் தோன்றின. விமானத்தின் இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று விமானத்தை மேலே தூக்குகிறது. பந்தயக் காரின் இறக்கையோ தலைகீழாகப் பொருத்தப்பட்டது. அது காற்றை மேலே தள்ளுகிறது. காற்று காரைத் தரையோடு அழுத்துகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிதான் இது. காற்று அழுத்தும் விசை காரின் எடைக்குச் சமமாகும்போது, டயரின் பிடிப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. திருப்ப வேண்டிய நிறையோ ஒரு கிராம்கூடக் கூடவில்லை. சாய்வுப் பாதையில் காரை அழுத்திய வேலையை இங்கே காற்று செய்கிறது எனலாம். மேலும், காற்றின் அழுத்தமும் வேகத்தின் வர்க்கத்திற்கேற்பக் கூடுகிறது. வளைவு எந்த வீதத்தில் விசையைக் கேட்கிறதோ, அதே வீதத்தில் காற்றின் உதவியும் வளர்கிறது.

விலை? இறக்கை காற்றைத் தள்ளும்போது காற்று காரைப் பின்னோக்கியும் இழுக்கிறது. இந்தத் தடை விசையும் வேகத்தின் வர்க்கத்திற்கேற்பக் கூடும். தடையை வெல்ல எஞ்சின் தர வேண்டிய திறனோ வேகத்தின் கனத்திற்கேற்பக் கூடும். இரு மடங்கு வேகத்திற்கு எட்டு மடங்கு திறன்! மோன்சாவில் நேர்ப்பாதைகள் நீளமானவை. ஒரு சுற்றில் முக்கால் பங்குக்கு மேல் ஓட்டுநரின் கால் ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்தியபடியே இருக்கும். ஆகவே அணிகள் மற்றக் களங்களில் மாட்டும் பெரிய இறக்கைகளைக் கழற்றிவிட்டு, இங்கே மெல்லிய இறக்கைகளைப் பொருத்துகின்றன. வளைவில் பிடிப்பு வேண்டுமா, நேர்ப்பாதையில் வேகம் வேண்டுமா? இரண்டும் முழுதாகக் கிடைக்காது. எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று கணக்கிடுவதே இங்கே பொறியியலாரின் முக்கிய வேலை.

டயரும் தன் பங்குக்கு விலை கொடுக்கிறது. பந்தயம் முடிந்தபின் பாதையோரத்தைப் பாருங்கள். கறுப்பு ரப்பர்த் துணுக்குகள் சிதறிக் கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை: வேகத்தை எங்கே இறக்கி வைப்பது?

இன்று பந்தயம். 53 சுற்றுகள், ஏறத்தாழ 307 கி.மீ. நாம் முதல் வளைவின் அருகே உட்கார்ந்திருக்கிறோம். காதை அடைத்துக்கொள்ளுங்கள்! நேர்ப்பாதையில் மணிக்குச் சுமார் 340 கி.மீ. வேகத்தில் வரும் கார்கள், நம் கண்ணெதிரே இரண்டு இரண்டரை வினாடிக்குள் 80 கி.மீ. வேகத்திற்குக் குறைந்து, வலமும் இடமுமாக நெளிந்து செல்கின்றன.

800 கிலோகிராம் நிறையுள்ள கார் 340 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 94 மீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் எவ்வளவு? நிறையில் பாதி 400. வேகத்தின் வர்க்கம் 8,836. பெருக்கினால் 35 இலட்சம் ஜூலுக்கு மேல். 80 கி.மீ. வேகத்திலோ 2 இலட்சம் ஜூல்தான். எஞ்சிய 33 இலட்சம் ஜூலை வளைவுக்கு முன்னால் எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். அவ்வளவு வெப்பத்தைக் கொண்டு 11 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். வீட்டு அடுப்பில் ஓர் அண்டாத் தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்! இங்கே அது இரண்டு வினாடி வேலை. ஒரு பகுதியைக் காற்றுத் தடை வாங்கிக்கொள்கிறது. ஒரு பகுதி மின்னாற்றலாகி மின்கலத்தில் சேர்கிறது. பெரும் பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. கார்பனால் செய்த பிரேக் வட்டுகள் செக்கச்செவேலென்று ஒளிர்வதை நீங்களே காணலாம்.

இந்த நெளிவு 1922இன் பாதையில் இல்லை. வேண்டுமென்றே பிற்காலத்தில் போட்டது. காரணம் உண்டு. 1971ஆம் ஆண்டுப் பந்தயத்தில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஓடின. முன்னே செல்லும் கார் காற்றைப் பிளந்து செல்வதால் அதன் பின்புறம் காற்றழுத்தம் குறைகிறது. வேகமாகப் போகும் பஸ்ஸின் பின்னால் சருகும் காகிதமும் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே விளைவுதான். பின்னால் வரும் காருக்குத் தடை குறையும். இவ்வாறு ஒருவர் நிழலில் ஒருவர் ஓடி, கடைசியில் முதல் ஐவரும் 0.61 வினாடிக்குள் எல்லைக்கோட்டைக் கடந்தனர். வென்ற பீட்டர் கெத்தினுக்கும் அடுத்து வந்த ரோனி பீட்டர்சனுக்கும் இடைவெளி 0.01 வினாடி. பந்தயத்தின் சராசரி வேகம் மணிக்கு 242.6 கி.மீ. அந்த வேகத்தில் 0.01 வினாடி என்பது வெறும் 67 செ.மீ.! கார்கள் இப்படி ஒட்டியோடினால் ஒருவருடைய சிறு பிழை பலருக்கு ஆபத்தாகும். அடுத்த ஆண்டே, 1972இல், நேர்ப்பாதையை முறித்து நெளிவுகளை அமைத்தார்கள். வளைவில் வேகம் குறைந்தே தீரும் என்ற அதே விதியை, இம்முறை பாதுகாப்புக்காகப் பயன்படுத்தினார்கள்.

விசை போதாதபோது

இதுவரை காரைத் திருப்பும் விசை கிடைத்த கதையைச் சொன்னேன். அது கிடைக்காமற்போனால் என்ன நேரும்? கயிறு அறுந்த கல்லை நினைவுகூருங்கள்.

1961 செப்டம்பர் 10. பந்தயத்தின் இரண்டாம் சுற்று. பாரபோலிகா என்னும் கடைசி வளைவை நெருங்கும் இடத்தில், ஜெர்மானியரான வுல்ஃப்காங் ஃபான் டிரிப்ஸின் ஃபெராரியும், ஜிம் கிளார்க்கின் லோட்டஸும் சக்கரத்தோடு சக்கரம் மோதிக்கொண்டன. ஃபெராரி பாதையைவிட்டு விலகி, ஓரத்து மண்மேட்டில் ஏறி, கம்பி வேலியை ஒட்டி நின்றிருந்த மக்கள்மீது பாய்ந்தது. டிரிப்ஸும் பார்வையாளர்கள் 15 பேரும் இறந்தனர். அந்த ஆண்டு உலகச் சாம்பியன் பட்டப் போட்டியில் அன்றுவரை முன்னணியில் இருந்தவர் டிரிப்ஸ். அவருடைய அணியைச் சேர்ந்த ஃபில் ஹில் பந்தயத்தையும் பட்டத்தையும் வென்றார்.

அந்த விபத்து சாய்வுப் பாதையில் நிகழ்ந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். அது தவறு, சாலைப் பாதையில்தான் நிகழ்ந்தது. ஆயினும் அதன்பின் ஃபார்முலா ஒன் பந்தயம் சாய்வுப் பாதையில் நடக்கவே இல்லை. வேறு வகைக் கார்கள் 1969 வரை அதில் ஓடின. பிறகு அங்கே புல் முளைத்தது.

அன்று அங்கே தவறியது எது? இயக்க ஆற்றல் தானாக மறையாது. கார் பாதையைவிட்டு விலகினாலும் அந்த ஆற்றல் அதனோடுதான் போகும். எதன்மீதாவது வேலை செய்தே அது தீரும். வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வரும் கார், அரை மீட்டர் தூரத்திற்குள் நின்றால் முடுக்கம் 400. எடையைப்போல் சுமார் 40 மடங்கு விசை. அதே கார் 20 மீட்டர் தூரம் உருண்டு நின்றால் முடுக்கம் 10தான். எடைக்கு ஏறத்தாழச் சமமான விசை. ஓட்டுநர் எழுந்து நடந்து வந்துவிடலாம். நிற்கும் தூரத்தை நீட்டினால் விசை குறையும்: பாதுகாப்பின் மந்திரம் முழுவதும் இந்த ஒரு வரிதான். இன்று வளைவுகளின் வெளிப்புறத்தைப் பாருங்கள். கூழாங்கற்களைப் பரப்பிய அகன்ற படுகை, அதற்கப்பால் அடுக்கிய டயர்கள், அதற்கும் அப்பால் உயர்ந்த வேலி, அதன் பின்னால்தான் மக்கள். ஆற்றல் மனிதரை அடையுமுன் அதை இறக்கி வைக்க இத்தனை இடம். 1961இல் அந்த இடத்தில் மக்கள் நின்றார்கள்.

வளைவின் விலையைச் சாலை கொடுத்தது, டயர் கொடுத்தது, எஞ்சின் கொடுத்தது. அன்று அந்த 15 பேரும் கொடுத்தார்கள். அவர்கள் பந்தயத்தில் எதையும் வெல்ல வந்தவர்கள் அல்லர், பார்க்க வந்தவர்கள். விலையை யாரிடம் வாங்குவது என்று விதி பார்ப்பதில்லை. அதை முன்கூட்டியே கணக்கிட வேண்டியவர்கள் நாம்.

மாலையாகிவிட்டது. மக்கள் பாதையில் இறங்கி, வெற்றி மேடையை நோக்கி நடக்கிறார்கள். நாமும் ஊர் திரும்புவோம். நாளை பள்ளிக்குச் சைக்கிளில் போகும்போது வளைவில் உள்ள ஈர மண்ணையும் சருகையும் கவனியுங்கள். அங்கே சாலை சாய்ந்திருக்காது. காற்றும் உங்களை அழுத்தாது. டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வு ஒன்றே துணை. அது எவ்வளவு தருமோ அதற்குமேல் கேட்காதீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

சோதனை: அகன்ற, உட்குழிந்த கிண்ணத்தில் ஒரு கோலிக் குண்டைப் போட்டுக் கிண்ணத்தைச் சுழற்றுங்கள். வேகம் கூடக் கூடக் குண்டு எங்கே செல்கிறது? வேகம் குறையும்போது என்ன ஆகிறது? மோன்சாவின் சரிவில் உச்சியும் அடியும் ஏன் வேறுபட்ட சாய்வுடன் கட்டப்பட்டன என்பதை இதனோடு ஒப்பிடுங்கள்.

கணக்குகள்:

1. 45 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவு. உலர்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.8, மழையில் 0.4. இரு நிலைகளிலும் வழுக்காமல் திரும்பக்கூடிய உச்ச வேகம் எவ்வளவு? உராய்வு பாதியானால் வேகமும் பாதியாகிறதா?

2. மோன்சாவின் 320 மீட்டர் ஆரமுள்ள வளைவில், சாய்வு 0.2 மட்டுமே உள்ள கீழ்ப்பகுதியில், பக்கவாட்டு உராய்வே இல்லாமல் எந்த வேகத்தில் செல்லலாம்?

3. 2025ஆம் ஆண்டு தகுதிச் சுற்றில் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் 1 நிமிடம் 18.792 வினாடியில் சுற்றை முடித்தார். ஹாமில்டனின் 2020 நேரத்தைவிட இது எவ்வளவு குறைவு? மணிக்கு 264 கி.மீ. வேகத்தில் அந்த நேரத்தில் கார் எவ்வளவு தூரம் செல்லும்?

4. ரயில் பாதை வளைவுகளில் வெளித் தண்டவாளத்தைச் சற்று உயர்த்தி அமைப்பது ஏன்?

விடைகள்: 1. வினாடிக்கு 18.8 மீட்டர் (மணிக்குச் சுமார் 68 கி.மீ.), 13.3 மீட்டர் (மணிக்குச் சுமார் 48 கி.மீ.). வேகம் பாதியாவதில்லை, 1.41 மடங்கு குறைகிறது. 2. வினாடிக்கு 25 மீட்டர் (மணிக்கு 90 கி.மீ.). சாய்வு கால் பங்கானால் வேகம் அரைப் பங்கு. 3. 0.095 வினாடி, சுமார் 7 மீட்டர். 4. இதற்கு விடையை வெள்ளிக்கிழமைப் பகுதியில் நீங்களே தேடிக்கொள்ளுங்கள்.